நம்ம ஆளு – 14: உப்பில்லாத பொடியில் உப்பு

போன வாரம் ஏட்டு ஜெயபாண்டியை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில், காதில் போனோடு விட்டுவிட்டு வந்தோம். பாவம், மனுஷன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்.

மதுரையிலிருந்து பேசியவர் டாக்டர் நாகஜோதி. "ஏட்டய்யா, ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கோங்க" என்றார். ஜெயபாண்டி உட்கார இடம் தேடினார். இருந்த ஒரே பெஞ்சில் ஒரு வக்கீலும், அவருடைய கட்சிக்காரரும், கட்சிக்காரரின் மாமியாரும் வழக்கைவிடப் பெரிய டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே கேட்டார். கெட்ட செய்தியை விறைப்பாக நின்று வாங்குவது போலீஸ்காரனுக்குப் புதிதில்லை.

"மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, இல்லையா?"

"ஆமா டாக்டர்."

"சுத்தமா நிறுத்தியாச்சு?"

"நீங்க சொன்ன அன்னிக்கே. வீட்டுல மிச்சம் இருந்ததக்கூட உங்க நர்ஸம்மா கையில ஒப்படைச்சிட்டேன்."

"அப்ப உங்க ரத்தத்துல எப்படி மாத்திரை இருக்கு?"

ஜெயபாண்டி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார், வேறு யாருக்கோ வந்த அழைப்பைத் தான் எடுத்துவிட்டோமோ என்று.

"போன வாரம் கொடுத்த ரத்தம். கொஞ்சமாத்தான் இருக்கு. ஆனா இருக்கு. மறுபடியும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்பவும் இருக்கு."

"நான் சாப்பிடலை டாக்டர்."

"சாப்பிடாம விட்டுட்டு, சாப்பிட்டேன்னு சொல்ற பேஷன்ட்டுங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன். சாப்பிட்டுட்டு, சாப்பிடலைன்னு சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"எங்க அக்கா மேல சத்தியமா சாப்பிடலை."

அக்கா மேல் அவர் லேசில் சத்தியம் செய்ய மாட்டார் என்பது டாக்டருக்குத் தெரியும். ஜெயபாண்டியின் வயிற்றுக்குள் வேலை பார்த்துக்கொண்டிருப்பது அந்த அக்காவின் கிட்னி.

"சரி, நம்புறேன். அப்படின்னா உங்களுக்குத் தெரியாம யாரோ கொடுக்குறாங்க. யாருன்னு கண்டுபிடிங்க. நீங்க போலீஸ்தானே?"

நல்ல கேள்வி. ஜெயபாண்டியின் சர்வீஸில் அவர் தனியாகக் கண்டுபிடித்தது ஒரே ஒரு காணாமல் போன ஆடு. அதுவும் ஆடே ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, வாசலில் இருந்த செம்பருத்தியைத் தின்றுகொண்டிருந்தபோது அவர் அதை அடையாளம் கண்டார்.

"இன்னிக்குக் காலையில ராஜபாளையம் லேப்ல ரத்தம் கொடுத்தீங்கல்ல, அந்த ரிசல்ட் சாயங்காலம் எனக்கு வந்துரும். கிட்னி எப்படி இருக்குன்னு அதுல தெரிஞ்சிரும். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும் ஏட்டய்யா."

போன் கட்டானது. நாகஜோதி 'வச்சிடறேன்' என்று சொல்லிவிட்டு வைக்கிற ரகம் இல்லை.

ஜெயபாண்டி பயப்படுவதற்குக் காரணம் இருந்தது.

நம் உடம்புக்கு அடுத்தவர் உறுப்பைக் கண்டால் ஆகாது. எவ்வளவு அன்போடு கொடுத்தாலும் சரி, உள்ளே ரோந்து சுற்றுகிற செல்கள் அதைச் சுற்றி வளைத்து அடித்தே முடித்துவிடும். அவற்றை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. ஆனால் அந்த மாத்திரை ஊரிலுள்ள அத்தனை போலீஸையும் ஒரேயடியாகக் கட்டிப்போட்டுவிடும். திருடன் வந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல், சளி, படை என்று வருகிறவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிடும். சர்க்கரையை ஏற்றும். கையை நடுங்க வைக்கும். ஜெயபாண்டி கோர்ட்டில் போட்ட கையெழுத்தைப் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட், "இது ஏட்டோட கையெழுத்தா, ஈசிஜியா?" என்று கேட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போகப் போக, காப்பாற்ற வந்த கிட்னியையே அந்த மாத்திரை கடிக்கும்.

அதனால்தான் நாகஜோதியின் குழு நடத்திய ஆராய்ச்சியில் அவர் சேர்ந்தார். அவருடைய ரத்தத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட வகைச் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றை அக்காவின் செல்களோடு பழக விட்டார்கள். பழகியவற்றைப் பெருக்கி, திரும்ப அவருக்கே ஏற்றினார்கள்.

"இந்தச் செல் யாரையும் அடிக்காது. அடிக்கப் போறவங்களைத் தடுக்கும்" என்று அன்றைக்கு நாகஜோதி படம் போட்டு விளக்கினார்.

"புரியுது டாக்டர். இன்ஸ்பெக்டர் கையை ஓங்கிட்டு வரும்போது எங்க ஸ்டேஷன் ரைட்டர் குறுக்க புகுந்து, 'விடுங்கய்யா, நம்ம ஆளு'ன்னு சொல்வாரு. அதுதானே?"

டாக்டர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வார்டு முழுக்க அதற்கு 'நம்ம ஆளு செல்' என்றே பெயர்.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். போன மாதம் முழுதாக நிறுத்தினார்கள். மனைவி யுவராணி தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். இந்த ஒரு மாதமும் கிட்னி நன்றாக இருந்தது. நம்ம ஆளு செல்கள் வேலை பார்க்கின்றன என்று எல்லோரும் நம்பினார்கள்.

இப்போது ரத்தத்தில் மாத்திரை. அப்படியானால் வேலை பார்த்தது யார்? செல்களா, மாத்திரையா? நம்ம ஆட்கள் டியூட்டி பார்க்கிறார்களா, இல்லை வெறுமனே ஆஜர் போட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கிறார்களா?

"என்ன ஏட்டய்யா, பிரமை புடிச்சாப்ல நிக்கீங்க?" கையில் இரண்டு டீயோடு வந்தான் கான்ஸ்டபிள் விக்னேஷ்வரன். "மாத்திரைய விட்டதும் ஆளே மாறிட்டீங்க. மூஞ்சியெல்லாம் நல்லா பூரிச்சு, மாப்பிள்ளை கணக்கா இருக்கீங்க."

அந்த நிலைமையிலும் ஜெயபாண்டிக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வாரம் முழுக்க எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். காலையில் ஹெல்மெட்கூடத் தலையில் இறங்க மறுத்தது. மோதிரம் விரலில் சுழலவில்லை. 'சதை போட்டுட்டோம்' என்று கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பி ரசித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

டீயைக் குடித்தபடி யோசித்தார். வெளியே சாப்பிடுவது இந்த டீ ஒன்றுதான். இந்த டீயில் டீயே கிடையாது, மாத்திரைக்கு எங்கே போவது? அப்புறம் எதிர்க் கடையில் யாரும் பார்க்காத நேரத்தில் வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு துண்டு பால்கோவா. அவரைக் கொல்ல வேண்டுமென்றால் அதிலிருக்கிற சர்க்கரையே போதும், யாரும் தனியாகக் கலக்க வேண்டியதில்லை.

மிச்சம் இருப்பது வீடு. வீட்டில் இருப்பது யுவராணி.

*

யுவராணி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஆபரேஷன் ஆன இந்த இரண்டு வருடமாக ராஜபாளையத்து வீட்டையும் அந்தக் கம்பெனி மாதிரியேதான் நடத்துகிறாள். தண்ணீர் கொதிக்கும், டம்ளர் கொதிக்கும், எதிர்த்துப் பேசினால் அவளும் கொதிப்பாள்.

ஷிப்ட் முடிந்து அவள் உள்ளே வந்தபோது, ஜெயபாண்டி சாப்பாட்டு மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு நாற்காலி காலியாகப் போடப்பட்டிருந்தது.

"உக்காரு யுவராணி."

"என்ன, ஸ்டேஷன்ல இடமில்லையாக்கும்? வீட்டுல வச்சு விசாரிக்கீங்க?"

"எனக்குச் சாப்பாட்டுல எதுவும் கலந்து குடுக்கியா?"

அவள் தோள்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "வெஷமா?"

"மருந்து."

"ஏங்க, ஒங்களுக்கு மருந்து குடுக்கணும்னா நான் எதுக்குக் கலந்து குடுக்கணும்? மூக்கப் புடிச்சு ஊத்திர மாட்டேனா? கல்யாணம் ஆன நாள்லருந்து ஒங்களுக்குப் பயந்துக்கிட்டா இருக்கேன்?"

இந்த வாதத்தை ஜெயபாண்டியால் உடைக்க முடியவில்லை. வில்லிபுத்தூர் கோர்ட்டில் எந்த வக்கீலாலும் முடியாது. விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்.

காலி நாற்காலியில் யுவராணி உட்கார்ந்தாள். "நிறுத்துன பொறவுமா? அப்ப அந்தச் செல்லு?"

"தெரியலை."

"தெருவுக்கெல்லாம் கேசரி குடுத்தேனே!"

கொஞ்ச நேரம் கேசரிக்காக வருத்தப்பட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சோறு, கொழம்பு எல்லாம் நானும்தான் திங்கேன். எனக்கும் ரத்தம் எடுத்தா இருக்கும்ல? இந்த வீட்டுல ஒங்களுக்குன்னு மட்டும் தனியா என்ன இருக்கு?"

"எனக்குன்னு தனியா இந்த வீட்டுல என்னட்டி இருக்கு? ஒரு சேர்கூடக் கிடையாது."

சொல்லி முடிக்கும் முன்பே இரண்டு பேர் கண்ணும் அடுப்பங்கரை அலமாரிக்குப் போயின.

அங்கே மூன்றாவது தட்டில், எண்ணெய்த் தூக்குக்குப் பக்கத்தில், அக்காவின் இட்லிப் பொடி.

சோழபுரத்திலிருந்து செல்லத்தாய் அக்கா தவறாமல் இடித்து அனுப்புவது. கிட்னிக்காரத் தம்பிக்காக உப்பில்லாமல், மிளகாய் குறைத்து. யுவராணி ஒரே ஒரு தடவை ருசி பார்த்துவிட்டு, "மரத்தூளுக்கு நல்லெண்ணெய் ஊத்துனாப்ல இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பாட்டிலை வேறு யாரும் தொடவில்லை. ஜெயபாண்டி மட்டும் காலையிலும் ராத்திரியிலும் இட்லியோ தோசையோ, அதைத் தொட்டுத்தான் சாப்பிடுவார். அக்கா கையால் வந்தது என்பதற்காகவே அதில் உப்பு இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

எவர்சில்வர் தட்டில் பொடியைக் கொட்டினாள் யுவராணி. ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்தாள். கறுப்பு உளுந்து, எள், பெருங்காயம். அதற்கிடையே, தட்டின் சரிவில் மெல்ல இறங்கி ஒதுங்கியது, மாவு போல ஒரு வெள்ளை.

"உப்பில்லாத பொடியில உப்பு எப்படி வந்துச்சு?" என்றார் ஜெயபாண்டி.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உப்பு கரிக்கவில்லை. லேசாகக் கசந்தது.

"மதினி..." என்றாள் யுவராணி.

ஜெயபாண்டிக்கு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்த சமயம் ராஜபாளையத்தில் அவர்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். புழுதிக்குப் பயந்து அக்கா வீட்டில்தான் தங்கினார். கிட்னி கொடுத்தவள் வாங்கினவனுக்குப் பத்தியம் பார்த்தாள். அப்போது டாக்டர் அடிக்கடி மாத்திரையின் அளவை மாற்றினார். மாற மாற, பழைய அட்டைகள் மீந்தன. "இங்கன இருக்கட்டும், பத்திரமா வைக்கேன்" என்றாள் அக்கா. பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கேட்டதும், இந்த வீட்டில் இருந்ததைத்தானே அவர் ஒப்படைத்தார்?

"கெளம்புங்க" என்றாள் யுவராணி. "நானும் வாரேன். நீங்க தனியாப் போனா ஒண்ணு சண்டை போடுவீங்க, இல்ல அவிய போட்டுக் குடுக்க காப்பியக் குடிச்சிட்டு ஒண்ணும் கேக்காம வந்துருவீங்க."

*

தென்காசி ரோட்டில் வண்டி போனபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. மலையின் நிழல் வயல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே கிழக்கே வந்தது. ஹெல்மெட் நெற்றியை இறுக்கியது. பின்னால் யுவராணி, பொடிப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தாள், மூடி திறந்து எதுவும் வெளியே வந்துவிடுமோ என்பது போல.

"ஏங்க, ஷூவ ஏன் நாடா கட்டாம மாட்டியிருக்கீங்க?"

"எட்டலை. கால் கொஞ்சம் பெருத்திருக்கு. சதை."

அவள் ஏதோ சொன்னாள். எதிரே வந்த லாரி அதைக் கொண்டுபோய்விட்டது.

அத்தான் ஞானராஜ் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார். செல்லத்தாய் பின்கட்டில் விறகடுப்பின் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து உளுந்து வறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த பொடிக்கு. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்.

"ஏலே பாண்டி! என்னலே திடுதிப்புன்னு? ஏட்டி யுவராணி, நீயுமா? உளுந்து வாசம் ராஜபாளையம் வரைக்குமா வருது?"

ஊருக்கே அவர் ஏட்டய்யா. அக்காவுக்கு மட்டும்தான் ஏலே. உள்ளே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றவேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. பாட்டிலை வாங்கி அடுப்புக்கு முன்னால் தரையில் வைத்தார்.

"இதுல என்னக்கா போட்ட?"

"இது என்னலே கேள்வி? உளுந்து, எள்ளு, ரெண்டு வத்தல், காயம்."

"பொறவு?"

கரண்டி நின்றது.

'பொறவு?' என்ற கேள்வியை ஜெயபாண்டி சர்வீஸில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார். ஒருவர்கூட முதல் தடவையில் பதில் சொன்னதில்லை. செல்லத்தாய் சொன்னார், பெருங்காயத்துக்கு அடுத்ததைச் சொல்வது போலவே.

"மாத்திரை. டாக்டரம்மா நிறுத்துன நாள்லருந்து, கூட்டைப் பிரிச்சு உள்ள இருக்க பொடிய மட்டும் போடுவேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? ஒனக்குள்ள கெடக்கது யாருதுலே? என்னது. நல்லபடியா இருக்கணும்ல?"

"அதுக்குத்தானே அந்தச் செல்லை ஏத்துனாங்க! அது உள்ள இருந்து 'நம்ம ஆளு'ன்னு சொல்லிக் காப்பாத்தும்னு டாக்டரம்மா சொன்னப்ப நீயும்தானே பக்கத்துல இருந்த?"

"இருந்தேன். நீ சிரிச்ச. அவிய சிரிச்சாக. நான் சிரிக்கலை." செல்லத்தாய் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தார். "ஏலே, நான் ஒங்க அத்தானக் கட்டிக்கிட்டு வந்தப்ப நம்ம வீட்டுல ஒருத்தராச்சும் 'விடுங்கப்பா, நம்ம ஆளு'ன்னு சொன்னீகளா? நல்லதுக்கு இல்ல, கெட்டதுக்கு இல்ல. அப்பா செத்தப்ப தெருமுனையோட நிறுத்தி அனுப்பிட்டாக."

அன்றைக்கு வாசலில் மகனாக நின்று, துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தது யார் என்று அக்கா சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"ஒரு வயித்துல பொறந்த ரத்தம். அதுக்கே நான் வெளியாளு. இப்ப ஊசியில ஏத்துன செல்லு வந்து சொன்னதும் அது கேட்டுக்கிடுமாக்கும்? டாக்டரம்மாவுக்கு ஒன் ரத்தத்தப் பத்தி என்ன தெரியும்? எனக்குத் தெரியும்லே."

உளுந்து கருகுகிற வாசனை வந்தது. யாரும் சட்டியை இறக்கவில்லை.

ஜெயபாண்டிக்கு அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவருடைய இலாகாவில் வெட்கம் வந்தாலும் துக்கம் வந்தாலும் வெளியே வரும்போது அதட்டலாகத்தான் வரும்.

"அதுக்காக எனக்குத் தெரியாம மருந்து வைப்பியா? ஒன்னால அந்த ஆராய்ச்சியே பாழாப் போச்சு தெரியுமா? என்னைய இனி வச்சுக்கிடுவாங்களோ, வெளிய அனுப்பிருவாங்களோ! நான் நல்லா இருக்கேன்க்கா! ஊரே சொல்லுது! சதை போட்டு, பூரிச்சு, கல்லு மாதிரி இருக்கேன்! எனக்கு ஒன் மாத்திரையும் வேண்டாம், பொடியும் வேண்டாம்!"

பிஸ்கட் டின்னைத் திறந்தார். எதிர்பார்த்தபடியே பளபளவென்று அட்டைகள்.

"ஏங்க, இருங்க" என்று யுவராணி அவர் முழங்கையைப் பிடித்தாள். "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"என்னத்தக் கேக்க?"

டின்னை அப்படியே அடுப்புக்குள் கவிழ்த்தார். அட்டைகள் சுருண்டன. ஓரங்களில் பச்சையும் நீலமுமாகத் தீ ஓடியது. அதோடு விடவில்லை. பாட்டிலைத் திறந்து பொடியையும் கொட்டினார்.

மிளகாய் குறைவாகப் போட்ட பொடிதான். ஆனாலும் மிளகாய் மிளகாய்தானே. அடுப்பிலிருந்து ஒரு நெடி எழுந்து மூன்று பேர் மூக்கிலும் ஒன்றாக ஏறியது. மூன்று பேரும் இருமினார்கள், தும்மினார்கள், கண்ணீர் விட்டார்கள். எந்தக் கண்ணீர் எதனால் வந்தது என்று அந்த நேரத்தில் யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

"நெடி நல்லா வருதுலே" என்றார் செல்லத்தாய், இருமலுக்கு நடுவே. "அப்ப ஒனக்குத் திருஷ்டி எதுவும் இல்ல."

யுவராணி முதலில் சிரித்தாள். அப்புறம் அக்கா. ஜெயபாண்டிக்கும் வாயோரத்தில் சிரிப்பு வரப் பார்த்தது.

போன் அடித்தது.

நாகஜோதி என்று பார்த்ததும் போனை ஹெல்மெட் ஓரமாகக் காதில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். அந்த ஆட்டுக்கு அப்புறம் இப்போதுதான் ஒரு கேஸைக் கண்டுபிடித்திருக்கிறார், அதைச் சொல்லிக்கொள்ள ஒரு மேலதிகாரியும் கிடைத்திருக்கிறார்.

"கண்டுபிடிச்சிட்டேன் டாக்டர்! எங்க அக்காதான். இட்லிப் பொடியில கலந்து..."

"எப்பயிருந்து?"

"நிறுத்துன நாள்லருந்தே. பயந்துக்கிட்டுச் செஞ்சிருக்கா. திட்டிட்டேன். இனிமே..."

"ஏட்டய்யா, கொஞ்சம் பேசாம நான் சொல்றதைக் கேளுங்க." டாக்டரின் குரல் காலையில் இருந்த குரல் இல்லை. "லேப் ரிசல்ட் வந்துருச்சு. கிட்னி வடிகட்ட வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்துல ஏறியிருக்கு. கொஞ்சம் நஞ்சம் இல்லை."

"அப்படின்னா?"

"கிட்னியை உங்க உடம்பு தாக்க ஆரம்பிச்சிருக்கலாம். இத்தனை நாளும் அதைத் தடுத்தது நாங்க ஏத்தின செல்லா, உங்க அக்கா போட்ட பொடியா, இல்லை ரெண்டுமான்னு இப்போ எனக்குத் தெரியலை. யாருக்குமே தெரியாது. கால் வீங்கியிருக்கா? மூத்திரம் குறைஞ்சிருக்கா?"

ஜெயபாண்டி நாடா கட்டாத ஷூவைக் குனிந்து பார்த்தார்.

"ஏட்டய்யா?"

"இருக்கேன் டாக்டர்."

"பயப்பட வேண்டாம். சீக்கிரம் வந்தா பிடிச்சு நிறுத்திரலாம். பயாப்ஸிக்கு இங்க எல்லாம் ரெடி பண்றேன். ஒரு கார் பிடிச்சு உடனே மதுரைக்குக் கிளம்புங்க. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. உங்க ஊர் மருந்துக் கடையில இந்த மாத்திரை கிடைக்காது, சொல்லி வச்சுத்தான் வாங்கணும். இனி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. அதனால அக்காகிட்ட மிச்சம் இருக்கறதை வாங்கி ரெண்டு கேப்சூல் இப்பவே போட்டுக்கோங்க. பழசா இருந்தாலும் பரவாயில்லை. பாக்கியைக் கையோட எடுத்துட்டு வாங்க. மிச்சம் இருக்குல்ல?"

அடுப்பில் கடைசி அட்டை உருகி, ஒரு சொட்டு ஒளியாக விறகின் மேல் வழிந்தது.

ஜெயபாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டய்யா? இருக்கா, இல்லையா?"

போனுக்குக் காது கொடுத்து ஒட்டி நின்ற யுவராணி, அவர் கண் போன இடத்தைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லத்தாய்க்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தம்பியின் பக்கத்தில் வந்தார். "இன்னும் தலையில கழட்டாமலா நிக்க?" என்று அவரே இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். வந்தது.

அடுப்பு வெளிச்சம் ஜெயபாண்டியின் முகத்தில் விழுந்தது. நெற்றியில் ஹெல்மெட் பதிந்த பள்ளம் நிரம்பாமல் அப்படியே நின்றது. இந்த ஒரு வாரமாகக் கோர்ட்டும் தெருவும் பார்த்துப் பார்த்து மெச்சிய முகம்.

செல்லத்தாய் அந்தப் பள்ளத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"ஏலே பாண்டி, ஒன் மூஞ்சி ஏன்லே இப்படி வீங்கிக் கெடக்கு?"